நிறுவையும் நயவுரையும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பகுதியில் ஒரு சிறுகதைத் தொகுதியின் வெளியீட்டு விழா நடைபெற்றது. பாடசாலை மண்டபத்தில்தான் விழா. வெளியே நல்ல மழை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தை மீறிப் பேச வேண்டியிருந்தபடியால் எல்லோருமே உரத்த குரலில்தான் பேசினார்கள். நயவுரை என்னுடைய பொறுப்பு. பத்து நிமிடம் தந்திருந்தார்கள். இருபத்தைந்து நிமிடம் பேசினேன். சபையோர் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த நூலாசிரியரின் தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அன்று அந்த மேடையில் நான் சொன்னவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை பொய்.

ஒப்புக்கொள்வதற்காக மட்டும் இதை எழுதவில்லை. நம்மவர் ஒருவர் வருந்தி உழைத்து ஒரு நூலைக் கொண்டுவரும்போது அதன் குறையை வாய்விட்டுச் சொல்வது கடமையா, அல்லது மறைப்பதுதான் மனிதத்தன்மையா என்ற கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. இலக்கியக் கூட்டங்களுக்குப் போய் வருகிற யாருக்கும் இக்கேள்வி புதிதாக இராது. ஆனால் கூட்டம் முடிந்து பஸ் ஏறியதும் அதை மறந்து விடுகிறோம்.

நூலாசிரியர் பக்கத்துத் தோட்டத்து இளைஞர். என்னிடம் படித்தவர். கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டு, இரவில் விழித்திருந்து 14 கதைகள் எழுதியிருந்தார். எல்லாம் ஒரு சீஆர் கொப்பியில், கையெழுத்தில். அணிந்துரை வேண்டுமென்று அதை என்னிடம் தந்துவிட்டுப் போனார். மூன்று இரவுகள் பென்சிலும் கையுமாக அமர்ந்து வாசித்தேன். இரண்டு கதைகள் உண்மையிலேயே என்னை உலுக்கின. மற்றவை அப்படியல்ல. சில, பேச்சுப் போட்டிக்கு எழுதிய கட்டுரையைப் பாத்திரங்களின் வாயில் திணித்தவை. சில, முடிவுக்காகவே யாராவது ஒருவரைச் சாகடித்தவை. துரை என்றால் கொடியவன், தொழிலாளி என்றால் தூயவன் என்ற கணக்கு எல்லாக் கதைகளிலும் முன்கூட்டியே போடப்பட்டிருந்தது. அந்த இடங்களில் எல்லாம் பென்சிலால் கோடிட்டு ஓரத்தில் குறிப்பும் எழுதினேன்.

நான்காம் நாள் அவருடைய தாயார் கடைத்தெருவில் என்னைக் கண்டு, "பயலோட புஸ்தகம் வருதாமே சேர்" என்று சிரித்தார். காதில் தோடு இல்லை. அச்சுக்கூலிக்காக அடகு வைத்திருந்தார்கள் என்று பிறகு அறிந்தேன். அன்றிரவு வீட்டுக்கு வந்து, நான் போட்ட கோடுகள் எல்லாவற்றையும் இரப்பரால் அழித்தேன். மலையகத்தின் நம்பிக்கை நட்சத்திரம் என்று தொடங்கும் இரண்டு பக்க அணிந்துரை ஒன்றை எழுதிக் கொப்பியோடு கொடுத்தனுப்பினேன்.

500 பிரதிகள் அச்சிட்டார். விழாவில் ஒரு பகுதி போனது. மீதி பெட்டிகளாகக் கட்டிலுக்கடியில் கிடந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு பெருநாள் விடுமுறையில் என்னைத் தேடி வந்தார். கையில் அந்தச் சீஆர் கொப்பி. ஒரு பக்கத்தை விரித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே சரித்துப் பிடித்தார். அழித்த கோடுகளின் தடம் தாளில் பள்ளமாகத் தெரிந்தது. ஒரு சில சொற்களையும் வாசிக்க முடிந்தது.

"இதெல்லாம் ஏன் சேர் அழிச்சீங்க?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. வகுப்பில் கணக்கு விளங்காதபோது கேட்பது போலத்தான் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

நமது நயவுரைகளின் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலில் நூலாசிரியரின் குடும்பச் சிறப்பு. பிறகு அட்டைப்படம். பிறகு ஒவ்வொரு கதையின் சுருக்கம். இடையிடையே "மண்வாசனை", "யதார்த்தம்", "சமூக அக்கறை" ஆகிய மூன்று சொற்கள். கடைசியில் நடுநிலைமையைக் காட்டுவதற்காக, "சில அச்சுப் பிழைகளைத் தவிர்த்திருக்கலாம்" என்று ஒரு வசனம். பழி முழுவதும் அச்சகத்தின் தலையில் விழுந்துவிடும். என்னுடைய பழைய பேச்சுக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தபோது, வெவ்வேறு மூன்று நூல்களுக்கு ஏறக்குறைய அதே வசனங்களைப் பேசியிருக்கிறேன் என்பது தெரிந்தது. பெயரை மட்டும் மாற்றினால் எந்த நூலுக்கும் பொருந்துகிற பாராட்டு எந்த நூலையும் பாராட்டவில்லை. அதைப் பேசியவர் நூலை வாசித்தார் என்பதற்குக்கூட அது சாட்சியாகாது.

என்னுடைய வாப்பா உடப்புசல்லாவை பஸாரில் சிறிய சில்லறைக் கடை வைத்திருந்தார். அரிசி, மா, பருப்பு, மண்ணெண்ணெய் என்று தோட்டத்து ஆட்களுக்கு வேண்டிய சாமான்கள், கடன் கொப்பி, சம்பள நாளில் கணக்குத் தீர்த்தல். பாடசாலை விட்டு வந்து நானும் கடையில் நிற்பதுண்டு. ஒவ்வொரு முறையும் நிறுப்பதற்கு முன்னர் வாப்பா தராசுத் தட்டைத் துணியால் துடைப்பார். பின்னர் கையை எடுத்துவிட்டு, வெறுந்தட்டு இரண்டும் சமனாக நிற்பதை வாங்க வந்தவர் பார்க்கும்வரை பொறுத்திருப்பார். அவசரக்காரர்கள் முணுமுணுப்பார்கள். அவர் அசையமாட்டார்.

ஒரு நாள் வயதான அம்மா ஒருத்தி அரைக் கிலோ பருப்புக் கேட்டாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முள் சாய்ந்த பிறகும் நான் ஒரு பிடி பருப்பை அள்ளித் தட்டில் போட்டு, அரைக் கிலோ என்றே கட்டிக் கொடுத்தேன். அவள் போன பிறகு வாப்பா என்னைக் கூப்பிட்டார். ஏசுவார் என்று பயந்தேன். அவர் ஏசவில்லை. "குடுக்கிறதெண்டா தராசால எறக்கினதுக்குப் பொறகு கையால குடு மகன். தராசுல வெச்சிக் குடுக்காத. தராசு பொய் சொல்லிப் பழகிடும்" என்றார்.

எனக்கு அப்போது இதன் பொருள் விளங்கவில்லை. பருப்பு எப்படிப் போனாலும் அவளுக்குப் போனதுதானே என்று நினைத்தேன். கொப்பியும் கையுமாக அந்த இளைஞர் என் முன்னால் நின்றபோதுதான் விளங்கியது. இரக்கத்துக்கு இடமுண்டு, அந்த இடம் தராசுத் தட்டல்ல. அவருக்கு உதவ வேண்டுமென்றால் பத்துப் பிரதிகளை விலை கொடுத்து வாங்கியிருக்கலாம். நல்ல அச்சகம் தேடிக் கொடுத்திருக்கலாம். ஒப்பு நோக்கிக் கொடுத்திருக்கலாம். பெட்டி சுமந்திருக்கலாம். இவை ஒன்றையும் செய்யாமல், எனக்கு ஒரு சதமும் செலவில்லாத பொய்யை அவருக்குத் தர்மமாகக் கொடுத்தேன். அதற்கான செலவை அவருடைய தாயாரின் காது கொடுத்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். சகோதரனின் குறையை மறைப்பவனின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று கற்பிக்கப்பட்ட சமூகமல்லவா நாம்? மேடையில் ஏறி ஒருவரின் பலவீனத்தைச் சபையில் போட்டு உடைப்பது அந்தப் போதனைக்கு முரணல்லவா?

இதற்கு விடை அதே நபிமொழி மரபிலேயே இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னபோது, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். நம்மில் அநேகமாக எல்லோரும் குத்பாவில் கேட்டிருக்கும் செய்தி இது. ஒருவரின் அந்தரங்கப் பாவத்தை மறைப்பது வேறு. சந்தைக்கு வந்த சரக்கின் ஈரத்தை மறைப்பது வேறு. முன்னது கருணை. பின்னது மோசடி. அச்சாகி விலை போட்டு வாசகர் கைக்கு வந்த நூல் சந்தைக்கு வந்த சரக்கே. அணிந்துரை எழுதியவரும் நயவுரை சொன்னவரும் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள். குவியலில் ஈரம் இருந்தது அந்த இளைஞரின் குற்றமில்லை. எல்லோருடைய முதற் குவியலிலும் மழை விழுந்திருக்கும். அதை அடியில் தள்ளி மூடியது என் குற்றம்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. பருப்புக்குக் கிலோ உண்டு; கதைக்கு என்ன கிலோ? எனக்குப் பிடிக்காதது உங்களுக்குப் பிடிக்கலாம். அப்படியிருக்க, நயவுரையை நிறுவையோடு ஒப்பிடுவது பொருந்துமா?

இதற்கு விடை தேடும்போது எனக்கு ஒரு பழைய நூல் கைகொடுத்தது. என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து'. 1980இல் மு. நித்தியானந்தனின் வைகறை வெளியீடாக வந்த சிறுகதைத் தொகுதி. அதற்கு முந்திய ஆண்டில் அதே வைகறை, தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' தொகுதியை வெளியிட்டிருந்தது. மலையகச் சிறுகதையைப் பற்றிப் பேசுபவர்கள் இவ்விரண்டு நூல்களையும் தொடாமல் போக முடியாது. ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில் இராமையாவின் நூலை முதன்முதலில் வாசித்தேன். அப்போது அதில் குறையே தெரியவில்லை. அண்மையில் மீண்டும் வாசித்தேன்.

தலைப்புக் கதை 1960களின் தொடக்கத்தில் தினகரனில் வெளிவந்தது. அதன் கருவே ஒரு நிறுவைதான். லட்சுமி என்ற பெண் கொழுந்தெடுப்பதில் கைவேகம் மிக்கவள். அவள் எடுத்த கொழுந்தின் நிறை மற்றவர்கள் நம்ப முடியாத அளவுக்கு வந்துவிடுகிறது. ஒருத்தியால் இவ்வளவு எடுக்க முடியாது, கணக்கில் ஏதோ கள்ளம் இருக்கிறது என்ற பேச்சுக் கிளம்புகிறது. கொழுந்தின் மீது விழுந்த சந்தேகம் மெல்ல மெல்லப் பெண்ணின் மீது விழுந்த சந்தேகமாகிறது. அவள் வாயால் வாதாடி வெல்லவில்லை. கையால் எடுத்துக் காட்டி வெல்கிறாள்.

இந்தக் கதையின் பலம் எங்கே இருக்கிறது? தோட்டத் தொழிலாளியை இரக்கத்துக்குரிய பிராணியாக மட்டுமே காட்டி வந்த எழுத்துக்களுக்கு நடுவே, இராமையா அவளுக்கு ஒரு தொழில்நுட்பத்தையும் அந்தத் தொழில்நுட்பம் தரும் பெருமையையும் கொடுத்தார். கொழுந்தெடுப்பது வெறும் கூலி வேலையன்று, அதற்குக் கண் வேண்டும், விரல் வேண்டும், முத்தல் இலையைத் தவிர்க்கும் பழக்கம் வேண்டும் என்பது கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து தேநீர் குடித்த வாசகனுக்குத் தெரியாத விடயம். நிரை, கூடை, மலைக்குப் போகும் பெண்களின் பேச்சு, பொறாமை, கேலி எல்லாம் உள்ளே இருந்து வருகின்றன. இராமையா வானொலி நாடகங்களும் எழுதியவர். பாத்திரங்கள் பேசும்போது காதில் விழுகின்ற தெளிவு அங்கிருந்து வந்திருக்கலாம். அவர் அதிகம் எழுதிக் குவித்தவரல்லர். எங்கள் ஊரில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும். அப்போது கொழுந்து குறையும். ஆனால் தேயிலையின் தரம் கூடும். இராமையாவின் விளைச்சல் அந்தக் காற்றுக் காலத்து விளைச்சல் எனலாம்.

பலவீனம் என்று நான் இப்போது காண்பவை இரண்டு. ஒன்று, தான் குற்றமற்றவள் என்று காட்ட லட்சுமி அசாதாரணத் திறமைசாலியாக இருக்க வேண்டியிருக்கிறது. அதே பழி, நடுத்தரமாகக் கொழுந்தெடுக்கும் ஒருத்தியின் மேல் விழுந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாள்? அவளால் எதையும் எடுத்துக் காட்டியிருக்க முடியாது. ஆனால் அவளுடைய மானம் லட்சுமியின் மானத்தைவிட எந்த விதத்தில் குறைந்தது? திறமை பழியைக் கழுவியது நமக்கு ஆறுதலாக இருக்கிறது. அந்த ஆறுதலிலேயே, பழி சுமத்தியவர்கள்தானே நிரூபிக்க வேண்டும் என்ற கேள்வி நழுவிப் போகிறது.

இரண்டாவது, கதையின் சிக்கல் அந்த ஒரு பெண்ணின் அந்த ஒரு நாள் நிறை மெய்யா பொய்யா என்பதே. நாள்தோறும் எல்லாப் பெண்களுக்கும் அந்தத் தராசு சரியாக நிறுக்கிறதா என்பது கதையின் சிக்கலாகவில்லை. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் கழிவு போடுவது பற்றித் தோட்டத்தில் கேட்காத முறைப்பாடு இல்லை. அந்தக் கழிவில் ஒரு நாட்பேர் அரைப்பேராகிப் போன கதைகள் என் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளிலேயே உண்டு. ஒருத்திக்குக் கூட்டி எழுதினார்களா என்று ஊரே பதறுகிறது. எல்லோருக்கும் குறைத்து எழுதுகிறார்களா என்று கேட்பாரில்லை. இராமையா அந்த வாசல்வரை நம்மை அழைத்துப் போகிறார். உள்ளே போகவில்லை.

இவ்விடத்தில் தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' கதையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே லயத்து அறையில் முடங்கிக் கிடக்கும் குடும்பத்தில் ஒரு தகப்பனுக்கு நேரும் கூச்சமும் குற்ற உணர்வும் அதில் வருகின்றன. அங்கே எந்தக் கைவேகமும் உதவாது. அந்த மனிதனிடம் திறமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுவர் அதே இடத்தில்தான் நிற்கும். இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, இராமையா தொழிலாளிக்குக் கொடுத்த பெருமையும் தெரிகிறது. அந்தப் பெருமை எந்த இடத்தில் போதாமல் போகிறது என்பதும் தெரிகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு 'ஒரு கூடைக் கொழுந்து' என் மனதில் சிறுத்துவிட்டதா? இல்லை. முன்னர் அதை வணங்கிக்கொண்டிருந்தேன். இப்போது அதோடு பேசுகிறேன். இராமையா 1990இல் காலமாகிவிட்டார். காலமானவரின் கதை இன்றும் என்னோடு வாதாடுகிறது என்றால் அதைவிட ஒரு எழுத்தாளனுக்கு வேறென்ன வேண்டும்?

கதைக்கு என்ன கிலோ என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை கிடைத்தது. நான் சொன்ன இரண்டு குறைகளையும் நீங்கள் மறுக்கலாம். கதையை எடுத்து வாசித்து, "இல்லை சேர், நீங்கள் இந்த இடத்தைக் கவனிக்கவில்லை" என்று எனக்குக் காட்டலாம். ஏனென்றால் எந்த இடத்தைப் பார்த்து அப்படிச் சொன்னேன் என்பதை நான் சொல்லியிருக்கிறேன். லட்சுமியின் கொழுந்தைப் போலவே, மறுபடி நிறுத்துப் பார்க்க முடிகிற தீர்ப்பு அது. "மண்வாசனை வீசுகிறது" என்பதையோ, "கலைத்தன்மை இல்லை" என்பதையோ யாராலும் மறுபடி நிறுக்க முடியாது. கதைக்குப் படிக்கல் இல்லைதான். ஆனால் காரணம் உண்டு. சுட்டிக்காட்டக்கூடிய இடம் உண்டு. அவை இல்லாத பாராட்டும் கண்டனமும் கள்ளத் தராசுகளே.

கண்டனம் என்று சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. கூட்டி நிறுப்பது மட்டும் நம் நோயன்று. 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் நடந்த மரபுப் போராட்டத்தில், சாதாரண மக்களின் பேச்சுமொழியில் எழுதுவதை இழிசனர் வழக்கு என்று ஒதுக்கியவர்கள் இருந்தார்கள். நூலைத் திறக்காமலே கழிவு போட்ட நிறுவை அது. மடுவத்தில் வெயில் நாளிலும் ஈரக் கழிவு போடுவது போல, மலையகக் கதையென்றால் பிரசாரம், முஸ்லிம் கதையென்றால் மார்க்க உபதேசம், பெண் எழுதினால் புலம்பல் என்று தட்டில் வைக்கும் முன்பே கழித்துவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கழிவுக்குப் பயந்துதான் நாம் நம்மவர் நூல்களுக்குக் கூட்டி நிறுக்கப் பழகினோமோ என்னவோ. ஒரு தராசு பொய் சொன்னால் அதற்கு மருந்து இன்னொரு தராசை மறுபக்கம் சாய்ப்பதல்ல.

குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் அளவையில் மோசம் செய்வோரைப் பற்றித் தொடங்குகிறது. தமக்கு வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளக்கும்போது குறைப்பவர்கள் அவர்கள். இதை நான் கடைக்காரரின் மகனாகத்தான் நெடுங்காலம் விளங்கி வந்தேன். இப்போது வாசகனாகவும் விளங்கிக்கொள்கிறேன். பிறர் எழுதும் கதையில் ஒரு முஸ்லிம் பாத்திரம் தட்டையாக வந்தால் நாம் பொறுப்பதில்லை. முழு அளவு கேட்கிறோம். அது நியாயம். ஆனால் நம்மவர் கதையில் சிங்களப் பொலிஸ்காரரோ வேறு மதத்தவரோ அட்டையில் வெட்டிய உருவமாக வரும்போது, "கதைதானே" என்று விட்டுவிடுகிறோம்.

இதை எழுதும்போது எனக்கே உறைத்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த இளைஞரின் தொகுதியில் ஆறாவது கதை ஒரு பஸார் கடையைப் பற்றியது. கடைக்கார நானா, வாசிக்கத் தெரியாத கிழவியின் கடன் கொப்பியில் வாங்காத சாமானையும் எழுதிவிடுகிறார். கிழவிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தான் வாங்கிய ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போட்டு வந்திருக்கிறாள். சம்பள நாளில் அந்த டப்பாவோடு வந்து நிற்கிறாள். அவள் ஒன்றும் பேசுவதில்லை. கொட்டைகளை மேசையில் கொட்டுகிறாள். கதை முடிகிறது. அந்தக் கதையின் ஓரத்தில் நான் பென்சிலால் "மிகை" என்று எழுதியிருந்தேன்.

ஏன் எழுதினேன்? என் வாப்பா கடைக்காரர். தட்டைத் துடைத்துக் காட்டிய மனிதர். அவர் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு அந்தக் கதை அடி விழுந்தது போல இருந்தது. ஆனால் பஸாரில் எல்லாக் கடையிலும் தட்டைத் துடைக்கவில்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். வாப்பா அத்தனை பிடிவாதமாகத் தட்டைத் துடைத்ததே வேறு கடைகளில் நடந்ததை அறிந்திருந்தபடியால்தான். ஆக, கதையின் மிகையை நான் குறிக்கவில்லை. என் நோவைக் குறித்திருந்தேன். கோடுகளை எல்லாம் அழித்ததற்குத் தாயாரின் தோடு மட்டும் காரணமல்ல. எந்தக் கோடு நீதியானது, எந்தக் கோடு என் ரோசம் என்று பிரித்தறியும் சிரமத்திலிருந்தும் தப்பிக்கொண்டேன். பொய்ப் பாராட்டில் இப்படியொரு வசதி உண்டு. பாராட்டுபவன் தன் தட்டைத் துடைக்க வேண்டியதில்லை.

மேடை வேறு, கொப்பி வேறு என்பதையும் நான் மறுக்கவில்லை. தாயார் முன்வரிசையில் இருக்கும் விழாவில் 14 கதைகளையும் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. அன்று நான் அந்த இரண்டு நல்ல கதைகளை மட்டும் எடுத்து, அவை ஏன் நல்லவை என்று இடஞ்சுட்டிப் பத்து நிமிடம் பேசியிருந்தால் போதும். அது பொய்யாகியிராது, யாரையும் நோகடித்துமிராது. குறைகளுக்குரிய இடம் கொப்பியின் ஓரம். அதற்குரிய காலம் அச்சுக்குப் போகும் முன். அந்த இடத்திலும் அந்தக் காலத்திலும் வாய் திறக்காதவனுக்குப் பிறகு இரண்டே வழிகள்தான் மிஞ்சுகின்றன: சபையில் பொய் சொல்வது அல்லது சபையில் நோகடிப்பது. இரண்டும் கெட்ட வழிகள். அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்யவேண்டிய நிலைக்கு நானே என்னைக் கொண்டுபோய் விட்டேன்.

குறை சொன்னால் புதியவர்கள் எழுதாமல் போய்விடுவார்கள் என்பார்கள். சிலர் போகலாம். ஆனால் குறை சொல்லாததால் போனவர்களையும் எண்ண வேண்டும். கட்டிலுக்கடியில் பெட்டி பெட்டியாகப் புத்தகம் கிடக்க, எல்லோரும் நல்லதென்றார்களே, பிறகேன் ஒருவரும் வாசிக்கவில்லை என்று காரணம் தெரியாமலே பேனையை மூடிவைத்தவர்கள் எங்கள் மலைகளில் குறைவல்ல.

கடந்த தவணை விடுமுறையில் அவருடைய லயத்துக்குப் போனேன். கூரை ஒழுகி இரண்டு பெட்டிகள் நனைந்திருந்தன. நனையாதவற்றில் பத்துப் பிரதிகளை விலை கொடுத்து வாங்கினேன். பழைய சீஆர் கொப்பியைக் கேட்டு வாங்கி வந்து, ஒரு வாரம் வைத்திருந்து, அழித்த கோடுகளை மீண்டும் போட்டேன். சிலவற்றைப் போடவில்லை. ஆறாவது கதையின் ஓரத்தில் "மிகை" என்றிருந்த தடத்தின் மேல், "தொகுதியில் சிறந்த கதை. புளியங்கொட்டையைப் பற்றி ஒரு சொல்லும் விளக்காமல் விட்டது சரி" என்று எழுதினேன். ஒன்பதாவது கதையில், அந்தப் பிள்ளை ஏன் சாக வேண்டும் என்று கேட்டிருந்தேன்.

கொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் அங்கேயே நின்று பக்கங்களைப் புரட்டினார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஒம்பதாவது கதையில நீங்க சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன் சேர்" என்றார். ஏனென்று கேட்டேன். சொன்னார். இருட்டும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முழுவதும் அல்ல.

நான் எழுந்து வரும்போது கொப்பியைக் காட்டிச் சொன்னார்: "அடுத்த தடவ பேனையாலயே எழுதுங்க சேர்."